பாதங்களின் காணிக்கை

கரியமாணிக்கம் என்பது திருமாலுக்கு வழங்கும் பெயர். அப்பெயர் தாங்கிய புதுவைச் சிற்றூரிலிருந்து அன்னை மரியின் திருத்தலங்களை நாடி இரு வழிகள் செல்கின்றன. ஒன்று ஏம்பலம், மங்கலம் வழியாக வடக்கே வில்லியனூருக்கு. விடியலில் புறப்பட்டால் வெயில் முற்றுமுன் சேர்ந்துவிடலாம். மற்றொன்று பெண்ணையாற்றைக் கடந்து, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் எனத் தெற்கே வேளாங்கண்ணி வரை நீளும் பலநாள் நடை.

வில்லியனூர் லூர்து அன்னை ஆலயம் 1877-ஆம் ஆண்டில் எழுந்தது. லூர்து நகரில் அன்னை காட்சி தந்து அப்போது பத்தொன்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த திருச்சுரூபத்திற்கு, 1886-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரின் ஆணைப்படி முடிசூட்டப்பெற்றது. லூர்து அன்னையின் உருவத்தில் வெண்ணிற ஆடையையும் நீல இடைக்கச்சையையும் யாவரும் காண்கிறோம். அன்னையின் பாதங்களில் பொன்னிற ரோஜா மலர்களைக் கண்டதாக பெர்னதெத் உரைத்ததை நினைவிற் கொள்வோர் சிலரே. நடந்து வந்து, வலிக்கும் காலோடு தலைகுனிந்து நிற்பவரின் கண்ணில் அம்மலர்களே முதலிற் படுகின்றன.

வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறும். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறந்தநாட் பெருவிழா. அதற்கு முந்திய நாள்களில் காவியுடை தரித்து, சிறு சப்பரத்தை இழுத்துக்கொண்டு, செபமாலை சொல்லி நடக்கும் கூட்டங்கள் சாலையெங்கும் தென்படும். அவர்களுள் பிற சமயத்தாரும் உண்டு.

அங்கே பீடத்தில் பதிக்கப்பெற்ற பீங்கான் தட்டுகளை உற்று நோக்குங்கள். வேதாகமக் காட்சிகள் தீட்டப்பெற்ற தட்டுகள் அவை. பதினேழாம் நூற்றாண்டில் புயலினின்று உயிர் தப்பிக் கரையேறிய போர்த்துக்கீசிய மாலுமிகள் தந்தவை என்பது மரபு. கப்பலில் இருந்ததை நன்றியாகக் கொடுத்தார்கள். காணிக்கைப் பொருள்களின் காட்சிச்சாலையிலும் இதுவே கதை. வெள்ளித் தகட்டிற் செய்த கண், கால், தொட்டில், வீடு. செய்த தட்டாரின் பெயர் எங்குமில்லை. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கண்ணீர் துடைக்கப்பட்ட வரலாறு. உற்று நோக்குவார்க்கு இவையாவும் சாட்சியங்கள்.

ஆனால், வேண்டியது கிட்டாதவர் எதைக் கொண்டுவருவார்? 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் இதே கடல் பொங்கி, வேளாங்கண்ணியில் திருப்பயணியர் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. மாலுமிகளைக் காத்த கரை, பலர் தம் பிள்ளைகளைத் தேடி அழுத கரையாயிற்று. அந்தக் கேள்விக்கு வெள்ளித் தகடுகளில் விடை இல்லை. ஆலயத்திலிருந்து மாதா குளத்திற்குச் செல்லும் மணற்பாதையோரத்தில் சிலுவைப்பாதை நிலைகள் உள்ளன. பதின்மூன்றாம் நிலையில், இறந்த மகனை மடியிற் கிடத்திய தாய் இருக்கிறாள். அவளும் கேட்டதைப் பெறாதவள். ஆயினும் அவ்விடம் விட்டு அகலாதவள். முழந்தாளிட்டு அம்மணலில் செல்வோர் அங்கே சற்று நேரம் தாமதிப்பதன் பொருள் இதுவே.

இக்காலத்தில் வாகனத்தில் விரைந்து, கைபேசியிற் படமெடுத்து, அன்றே திரும்பிவிட முடிகிறது. முதியோர்க்கும் பிணியாளர்க்கும் வாகனம் வேண்டியதே. ஆனால் கண்ணுக்கும் உள்ளத்திற்கும் இடையே உள்ள தொலைவை எந்த வாகனமும் குறைப்பதில்லை. அதைக் கடக்கப் பொறுமை வேண்டும். அப்பொறுமையை நடை கற்றுத் தருகிறது.

ஆகவே பெற்றோரே, அடுத்த திருவிழாவிற்குச் செல்லும்போது ஒரு கல் தொலைவேனும் பிள்ளைகளோடு நடந்து செல்லுங்கள். ஒரே ஒரு சுரூபத்தின் முன் கால்நாழிகை நில்லுங்கள். அதை யார் தந்தார், எத்துயரில் தந்தார் என்று சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குச் செவிகொடுங்கள். குடும்ப செபத்திற்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.