மேல் மனையும் கீழ் மனையும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உங்களில் சிலர், "ஐயா, வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது?" என்று அன்போடு வினவினீர்கள். "வரைபடம் மாறிவிட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அது ஏன் மாறியது என்று ஆலய வாசலில் நின்றபடி விளக்க இயலவில்லை. விளக்கச் சற்று வெட்கமாகவும் இருந்தது. ஆகவே இந்த வாரச் சிந்தனையை அதற்கே ஒதுக்குகிறேன்.

போதகர் இல்லத்தில் வாழ்பவன் பணி ஓய்வு பெறும் நாளில் சாவியைத் திருச்சபையிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நாளை முன்னிட்டு நானும் என் மனைவியும் கடலூர் கேப்பர் மலையில் 40 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட ஒரு மனையை வாங்கினோம். சரியாக ஒரு கிரவுண்டு. எண்பத்து மூன்று வயதான என் தாயார் எங்களோடு வருகிறார். இன்று ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார். நாளை சக்கர நாற்காலி தேவைப்படலாம்.

மலை என்றதும் ஏற்காட்டை எண்ணிக்கொள்ள வேண்டாம். பெயர்தான் மலை, உண்மையில் அது ஒரு செம்மண் மேடு. 1918இல் பாரதியார் அடைக்கப்பட்ட சிறைச்சாலை அங்கேதான் இருக்கிறது. அந்த மேட்டின் அடியில் உள்ள பாறைக்கு நிலவியலாளர்கள் நம் ஊர்ப் பெயரையே சூட்டிக் கடலூர் மணற்கல் என்கிறார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருப்பதும் இதுவே. ஆரோவில்லின் செம்மண் மேட்டிலும் இதுவே. இந்த மண் கோடையில் கல்லாக இறுகும். அடைமழையில் கரைந்து ஓடும். 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்ட காலத்தில் அந்த மேடு முழுவதும் மழைநீர் அறுத்த பள்ளங்களாகவே கிடந்தது. வரப்பு போட்டு, மரம் நட்டு, அந்த அரிப்பைத் தடுக்கப் பல ஆண்டுகள் ஆயின.

எங்கள் மனையின் மேற்கே சாலை இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே பின்வேலி வரை நிலம் 5 அடி இறங்குகிறது. வேலிக்கு அப்பால் ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, இரண்டு முருங்கை மரங்கள். அங்கே ஒரு மூதாட்டி தனியே வாழ்கிறார்.

நான் பிறந்து வளர்ந்தது சிதம்பரத்தில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்த ஊர் உள்ளங்கையைப் போலத் தட்டையானது. எந்தப் பக்கம் சரிவு என்பது மழை பெய்து நீர் ஓடினால்தான் தெரியும். அங்கே வீடு கட்டுகிறவர்கள் அறிந்த ஞானம் ஒன்றே: உயர்த்து. தெருவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதிய தார் போடப்பட்டது. எங்கள் திண்ணைக்கு ஏற நான்கு படிகள் இருந்தது போய், இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் தெரு எங்களுக்கு மேலே போயிற்று. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு வெள்ளம் என்றால் அச்சம். 2015ஆம் ஆண்டு மழையையும், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை கரைமீறியதையும் கண்டபின் அந்த அச்சம் இன்னும் வளர்ந்தது.

எனவே முதல் வரைபடத்தில் நான் கேட்டது இதுதான்: மனை முழுவதையும் சாலை மட்டத்துக்கு நிரப்பிவிட வேண்டும். சராசரி இரண்டரை அடி நிரப்பு. 2,400 சதுர அடிக்கு 6,000 கன அடி. அதாவது 60 யூனிட் கிராவல். பின்வேலியில் 5 அடி மண்ணைத் தாங்கும் கருங்கல் தடுப்புச் சுவர். அதன்மேல் ஒரே சமதளத்தில் வீடு. அம்மாவுக்கு ஒரு படிகூட இராது. எவ்வளவு நல்ல திட்டம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இந்தச் சுவருக்கு அந்தாண்ட யாருடா இருக்கா?" என்று கேட்டார். சொன்னேன்.

"உங்கப்பாவும் இப்படித்தான் மண் அடிச்சார்" என்றார்.

நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது அது. வீட்டுக்குள் நீர் வருகிறது என்று அப்பா கொல்லை முழுவதும் இரண்டு அடி மண் கொட்டி உயர்த்தினார். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு நீர் வரவில்லை. பின்வீட்டு அடுப்பங்கரையில் முழங்கால் அளவு நின்றது. அந்த வீட்டுக்காரர் வந்து முறையிட்டபோது, "என் இடத்துல நான் மண் போட்டேன்" என்று அப்பா பதிலளித்தாராம். அதன்பின் இரு வீடுகளுக்கும் இடையே பேச்சே இல்லை. நான் மாமா என்று அழைத்துப் பழகிய அந்த மனிதர், அப்பாவின் அடக்கத்தன்று தெருமுனைவரை வந்தார், சற்று நேரம் நின்றார், திரும்பிப் போய்விட்டார். அவர் ஏன் உள்ளே வரவில்லை என்று எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது.

"உங்கப்பா நல்லவர்தான். ஆனா அந்தத் தண்ணி எங்க போவும்னு அவர் நினைச்சுப் பாக்கலை" என்றார் அம்மா.

பாறையின்மேல் வீடு கட்டினவனையும் மணலின்மேல் கட்டினவனையும் பற்றி நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன் என்பதை நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். பெருவெள்ளம் மோதியும் அந்த வீடு விழவில்லை என்பதோடு என் பிரசங்கம் முடிந்துவிடும். மோதித் திரும்பிய நீர் பிறகு யார் வாசலுக்குப் போயிற்று என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. அதைக் கட்டட விதி என்று எண்ணி விரைந்து வாசித்துக் கடந்திருக்கிறேன். அந்தச் சுவர் வீட்டுக்காரனுக்காக மட்டும் சொல்லப்பட்டதாக இப்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், ஒரு கிரவுண்டு மனையில் ஏறத்தாழ 22,000 லிட்டர் நீர் விழும். இன்று பெரும்பகுதியை மண் குடிக்கிறது. மிச்சம் அகலமாகப் பரவி மெல்ல இறங்குகிறது. கூரையும் சிமென்ட் தரையும் வந்தபின் அவ்வளவும் ஓடத்தான் செய்யும்.

மறுநாள் கீழ்மனைக்குச் சென்றேன். அந்த அம்மாள் மோர் கொடுத்தார். வந்த காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நீங்க வீடு கட்டுறது எனக்கும் துணைதான் ஐயா. கிணத்தை மட்டும் பாத்துக்குங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. என் வரைபடத்தில் செப்டிக் டேங்க் பின்வேலியோரம், அவருடைய கிணற்றுக்கு நேர் மேலே இருந்தது. கழிவுநீர் தானாக இறங்கும், செலவு குறைவு என்று நானே கேட்டு வாங்கிய இடம் அது.

சரிவில் வீடு கட்டியவர்களைத் தேடியபோது லாரி பேக்கர் அகப்பட்டார். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, தொழுநோயாளரிடையே நடந்த மிஷன் ஊழியத்தில் கட்டடக் கலைஞராகப் பணிசெய்ய இந்தியா வந்த குவேக்கர் விசுவாசி அவர். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் செங்குத்தான பாறைச் சரிவில் தம் குடும்பத்துக்கு வீடு அமைத்தார். நிலத்தை வெட்டிச் சமனாக்காமல், அது போன போக்கில் அறைகளைப் படிப்படியாக ஏற்றினார். நீளமான வீட்டைச் சரிவின் குறுக்கே, ஒரே உயரக்கோட்டில் படுக்கவைத்தால் தோண்டுவதும் குறையும், நிரப்புவதும் குறையும் என்பது அவர் கற்றுத்தந்த பாடம். நானோ ஒரே தளத்தைச் சரிவின் வழியே நீட்டியிருந்தேன்.

புதிய வரைபடத்தில் வீடு இரண்டு பட்டைகளாகச் சரிவின் குறுக்கே கிடக்கிறது. மேல்பட்டை சாலையைவிட ஓர் அடி உயரம். கூடம், சமையலறை, அம்மாவின் அறை, குளியலறை எல்லாம் அதில் ஒரே மட்டத்தில். கீழ்ப்பட்டை இரண்டரை அடி தாழ்வு. இடையில் 5 படிகள். படிப்பறையும், மகன் குடும்பத்தோடு வந்தால் தங்கும் அறையும் அங்கே. வாசற்படிக்குப் பதிலாகச் சாய்தளம். சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயர 12 அடி நீளம் வேண்டும் என்பதால், வீட்டைச் சாலையிலிருந்து 12 அடி உள்ளே தள்ளினோம். அறுபது அடிக்கு ஐந்து அடி என்று கணக்கிட்டால் மனையின் இயற்கைச் சரிவும் அதே அளவுதான் என்று மேஸ்திரி காட்டினார். அதனால் வீட்டின் பக்கவாட்டில் பின்தோட்டத்துக்கு ஒரு நடைபாதையை அப்படியே விட்டிருக்கிறோம். விரும்பினால் அம்மா மாலையில் கீழே போய்வரலாம். பின்பக்கம் 14 அடி நிலத்தில் மண் கொட்டவில்லை. செப்டிக் டேங்க் சாலைப் பக்கம் ஏறிவிட்டது. ஆகவே கீழ்ப்பட்டையில் கழிவறை கிடையாது. நடு இரவில் 5 படி ஏற வேண்டுமா என்று மகன் இப்போதே முணுமுணுக்கிறான். ஏறட்டும்.

கிராவலில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கை அஸ்திவாரம் விழுங்கிவிட்டது. இயற்கையான கெட்டி மண்வரை படிபடியாக இறக்க வேண்டும் என்று மேஸ்திரி பிடிவாதமாக இருக்கிறார். லூக்காவின் சுவிசேஷத்தில் அந்த மனிதன் ஆழமாய்த் தோண்டினதை நினைத்து நானும் விட்டுக்கொடுத்தேன்.

இன்னும் ஒன்று தீரவில்லை. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். பின்தோட்டத்தில் உறிஞ்சு குழிகள் அமைக்கிறோம். குழிகள் நிறைந்த நாளில் மிகுந்த நீர் கீழ்த்தெரு வடிகாலுக்குப் போக வேண்டுமானால், அந்த அம்மாளின் மனையோரமாகத்தான் வழி. என் செலவில் ஒரு கால்வாய் கட்டித்தருகிறேன் என்றேன். "பையன் சென்னையில இருக்கான். கேட்டுச் சொல்றேன்" என்றார். மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மறுத்தால் கூரையின் அளவைக் குறைத்து, தொட்டி ஒன்று கட்ட வேண்டும். மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

சென்ற திங்கட்கிழமை மேஸ்திரி டியூப் லெவல் கொண்டு வந்து மட்டம் குறித்தார். ஆள் பற்றவில்லை. வேலிக்கு அப்பால் குழாயின் ஒரு முனையை அந்த அம்மாளே பிடித்துக்கொண்டு நின்றார். நீர் ஆட்டம் அடங்கட்டும் என்று நாங்கள் மூவரும் காத்திருந்தோம். மகனிடம் பேசினாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பிறகுதான் வானம் தோண்டுவோம். அதுவரை நேரம் இருக்கிறது.