வீசாத கை

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் முன்னே நடந்த பெரியப்பாவின் வலக்கை மட்டும் வீசவில்லை. “பால்மரம் வெட்டிய கை, ஓய்ந்துவிட்டது” என்றார். டாக்டரோ, நடக்க வைத்தும் விரல்களைத் தட்டச் சொல்லியும் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோய் என்றார்.

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற இலண்டன் மருத்துவர் இந்நோய்க்காக விவரித்த அறுவரில் சிலரைத் தெருவில்தான் கண்டார். இன்று உடம்பில் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிறு குமிழ்களை ஒட்டி, பல கேமராக்கள் முன் நடக்கவிடுகிறார்கள். காலடியின் நீளம், கைவீச்சு எல்லாவற்றையும் கணினி அளந்து மருத்துவருக்குத் துணை செய்கிறது.

நோயை அடியோடு போக்க மருந்தில்லை. நடமாட்டத்தை இலகுவாக்க உண்டு. ஆகவே வாசகர்களே, வீட்டுப் பெரியவர்களின் நடை மாறினால், “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.