காமிரா வாங்கச் சங்ககிரிக்கு வாருங்கள்!

ஒரு காலத்தில் படமெடுப்பதில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்தவரா நீங்கள்? வதோதராவில் தயாரான ‘அக்பா கிளிக்’ பெட்டிக் காமிராவில் உதகமண்டலத்துத் தொழிற்சாலையின் ‘இந்து’ பிலிம் சுருளைப் பூட்டி, சுருளுக்குப் பன்னிரண்டே படம் என்று எண்ணி எண்ணி எடுத்தவரா? பிறகு வேலை, திருமணம், பிள்ளைகளின் படிப்பு, ஒருவேளை வளைகுடா நாட்டுப் பிழைப்பு என்று காலம் ஓடியிருக்கும். இப்போது ஓய்வு கிடைத்திருக்கிறது. பழைய ஆசை மீண்டும் துளிர்க்கிறது. ஆனால் கடையில் காலடி வைத்தால், அடுக்கி வைத்திருக்கும் கருவிகளும் அவற்றின் விலையும் தலையைச் சுற்ற வைக்கின்றன.

உங்களுக்காகத்தான் இக்கட்டுரை. கடைக்குச் செல்லுமுன் ஒருமுறை சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றி வாருங்கள். உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கடைக்காரரைவிட இந்த மண் தெளிவாகச் சொல்லிவிடும்.

வண்டியில் சென்ற காமிரா

இச்சமவெளிக்கும் காமிராவுக்கும் உறவு மிகப் பழையது. 1856ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு, லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1857ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய நெடும் பயணத்தில் இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் படமெடுத்தார். அப்படங்கள் 1858ஆம் ஆண்டில் தனித் தொகுப்பாக வெளிவந்தன. இராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அன்று அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

டிரைப் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். அதைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி அன்று நடைமுறையில் இல்லை. படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, அவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டும்; அதைத் தாங்கும் அளவுக்குப் பெரிய காமிராவும் வேண்டும். ஆகவே ஓரடிக்கும் மேல் நீளமான நெகட்டிவ்களும் பெட்டிகளும் மருந்துகளும் மாட்டு வண்டிகளில் சென்றன. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவில்யன், இது வீண் செலவு என்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். பணி நின்றது, எடுத்த படங்களோ இன்றும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

அன்று ஓர் அரசாங்கமே தாங்க இயலாதெனக் கைவிட்ட செலவு, இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. எட்டும் என்பதற்காக எட்டாததையும் வாங்கிவிடக் கூடாது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

மிர்ரர்லெஸ் என்றால் என்ன?

நீங்கள் அறிந்த எஸ்.எல்.ஆர். காமிராவின் உள்ளே, லென்சுக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி சாய்ந்து நிற்கும். வரும் ஒளியை மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. பொத்தானை அழுத்தியதும் ‘டபக்’ என்று மேலெழுந்து வழிவிடும். மிர்ரர்லெஸ் காமிராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. பிலிமுக்குப் பதிலாக உள்ள ஒளியுணரி தான் காணும் காட்சியை நேரே ஒரு சின்னஞ்சிறு மின்திரைக்கு அனுப்புகிறது. கண்ணாடிக்கு இடம் தேவையில்லாததால் கருவி மெலிந்துவிட்டது. லென்சை மாற்றக்கூடிய இவ்வகைக் காமிராவை 2008ஆம் ஆண்டில் பானசோனிக் நிறுவனம் முதலில் கொண்டுவந்தது. இப்போது பெரிய நிறுவனங்கள் பலவும் இவ்வழிக்கே வந்துவிட்டன.

மலை சொல்லும் பாடம்

சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் நெடுஞ்சாலையில் சங்ககிரி வருகிறது. விஜயநகர ஆட்சியில் எழுந்து, பின்னர் மைசூர்ப் படைகளின் தளமாக விளங்கிய கோட்டை அது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இந்தச் சமவெளியை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1805ஆம் ஆண்டில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். பெருமாள் கோயிலும் பள்ளிவாசலும் நெல் சேமித்த களஞ்சியமும் ஆங்கிலேயரின் கல்லறைகளும் ஒரே மலையில் அடுத்தடுத்து நிற்பதைக் காண்பதே ஒரு வரலாற்றுப் பாடம்.

வாயில் வாயிலாகக் கடந்து, மதில் மதிலாகத் தாண்டி ஏற வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் பாதி மலையிலேயே தோளில் தொங்குவதன் எடை தெரிந்துவிடும். இரண்டு கிலோ பையை முதல் நாள் ஆசையோடு சுமப்பீர்கள். மறுமுறை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவீர்கள். வீட்டில் இருக்கும் காமிரா படமெடுக்காது. 2014இல் வந்த சோனி ஏ6000 மின்கலத்தோடு 344 கிராம். 2023இல் வந்த கேனான் ஆர்100 356 கிராம். அதே ஆண்டின் ஆர்50 375 கிராம். சிறிய லென்சையும் சேர்த்தால் ஏறத்தாழ அரைக் கிலோதான்.

உச்சியில் நிற்கையில் மற்றொன்றும் விளங்கும். நடுப்பகல் வெயிலில் முதுகுத் திரை வெளிறிப் போய் ஒன்றும் தெரியாது. கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டர் நமக்கு அவசியம். நிக்கான் இசட்30 போன்ற சில காமிராக்களில் அது இல்லை; வாங்கும்போது மறவாமல் பாருங்கள். அதன் ஓரத்தில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பிப் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளலாம். படிக்கும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டும் தொல்லை மிச்சம்.

தறிக்கூடத்தின் இருட்டு

சங்ககிரிக்குத் தெற்கே திருச்செங்கோடு. இவ்வூரைத் தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய டி.ஆர். சுந்தரம்தான் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியவர். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திலிருந்துதான் வந்தது. படப்பிடிப்புத் தளங்கள் போய், ஏற்காடு சாலையில் இன்று நுழைவாயில் வளைவே மிஞ்சி நிற்கிறது.

திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரமெங்கும் தறியோசை கேட்கும். கூடத்துக்குள் நுழைந்தால் ஒன்றிரண்டு விளக்கொளியே இருக்கும். காமிராவோடு சேர்த்துத் தரும் சிறிய ஜூம் லென்ஸ் இங்கே திணறும். எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் ஒற்றை லென்ஸ், எஃப் 5.6 அளவில் நிற்கும் ஜூமைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அசைவு தடுக்கும் வசதி உங்கள் கை நடுக்கத்தை அடக்கும். ஓடும் நாடாவையும் நெசவாளரின் கையையும் அது நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும். ஷட்டர் வேகத்துக்கு ஒளி வேண்டும். ஆகவே விலையுயர்ந்த காமிராவுக்கு ஒரே லென்ஸ் என்பதைவிட, எளிய காமிராவுக்கு இரண்டு லென்ஸ் என்பதே மேல்.

அசையாத பொருள்களுக்கு அசைவு தடுப்பு பெரிதும் உதவும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முன் அனுமதியின்றி முக்காலி வைக்க இயலாது. குகைக் கோயில் தூண்களையும் கோட்டை அறைகளையும் கையில் பிடித்தே எடுக்க வேண்டும். ஒலிம்பஸ் இ-எம்10 வரிசை போன்ற சிலவற்றில் இவ்வசதி காமிராவுக்குள்ளேயே உண்டு. சோனி ஏ6000, கேனான் ஆர்50 போன்றவற்றில் அது லென்சில் இருந்தால்தான் உண்டு.

லாரிப் பட்டறையும் ஜவ்வரிசிக் களமும்

1997ஆம் ஆண்டு சனவரி முதல் தனி மாவட்டமாக இயங்கிவரும் நாமக்கல்லில், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளைக் காணாமல் திரும்பாதீர்கள். வெறும் சட்டமாக வந்த வண்டி, தச்சர், பற்றவைப்பவர், வண்ணம் பூசுபவர் எனப் பலர் கைபட்டு முழு லாரியாக வெளியேறும். நெருக்கமான இடம், பின்னால் நகர முடியாது. அகன்ற கோணம் இங்கே வேண்டும். ஜூம் லென்ஸ் 16 மில்லிமீட்டரில் தொடங்கினால் பெரும்பாலும் போதும். தூசு பறக்கும் இடத்தில் லென்சைக் கழற்றாதீர்கள். ஒளியுணரியில் படிந்த தூசு ஒவ்வொரு படத்திலும் கரும்புள்ளியாக நிற்கும்.

ஊர் நடுவே, கமலாலயக் குளத்தருகே, சுமார் 65 மீட்டர் உயரத்தில் ஒரே பாறையாக எழுந்து நிற்கிறது நாமக்கல் கோட்டை மலை. மாலை வெயிலில் அதன் மதிலைப் பார்த்துவிட்டு, இராசிபுரம் வழியாகச் சேலம் திரும்புங்கள்.

வழியில் ஜவ்வரிசி ஆலை தென்பட்டால் இறங்கிவிடுங்கள். மரவள்ளிக் கிழங்கின் மாவு, களத்தில் வெண்மணிகளாக வெயிலில் காயும். படமெடுத்தால் அந்த வெண்மை சாம்பல் நிறமாகிவிடும். காமிராவின் ஒளிமானி எதையும் நடுத்தர ஒளியாகவே எண்ணிக்கொள்வதால் வரும் பிழை இது. ஒளியை ஒரு படி கூட்டிக்கொண்டால் வெண்மை மீளும். பிலிம் காலத்தில் கழுவி வரும்வரை இது தெரியாது. மிர்ரர்லெஸ் காமிராவில் எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் தெரிந்துவிடும். நெடுநாள் கழித்துத் திரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்று கடையில் பிடித்துப் பாருங்கள்.

கைக்கேற்ற விலை

24 மெகாபிக்சல் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். 6000க்கு 4000 புள்ளிகள் கொண்ட அப்படத்தை 20 அங்குல நீளத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். வீட்டுச் சுவருக்கு அது தாராளம். முழுச் சட்ட ஒளியுணரிக்கு ஆசைப்பட்டால் காமிராவின் விலையோடு லென்சின் விலையும் எடையும் ஏறும். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய அளவே நமக்குப் போதும். பழைய லென்ஸ்கள் உங்களிடம் இருந்தால், இணைப்பு வளையம் பொருத்திக் கையால் திருப்பிப் பயன்படுத்தலாம். ஏபிஎஸ்-சியில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 75 மில்லிமீட்டரின் பார்வையைத் தரும்.

பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குவதில் குறைவொன்றுமில்லை. துளையை எஃப் 16 ஆக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். தூசு இருந்தால் புள்ளிகள் காட்டிக்கொடுக்கும். லென்சுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை உண்டா என்று பாருங்கள். எத்தனை முறை ஷட்டர் இயங்கியது என்று கேளுங்கள். புதியதானால் முறையான ரசீதும் இந்திய உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். மிர்ரர்லெஸ் மின்கலம் விரைவில் தீரும். ஒரு மின்கலத்துக்கு ஏறத்தாழ 300 படங்கள் என்று கணக்கிட்டு, மாற்று மின்கலத்துக்கும் பணம் ஒதுக்குங்கள்.

கையில் உள்ள பணத்துக்குள் வாங்குங்கள். வட்டித் தவணையில் வாங்கிய காமிரா மார்க்கத்துக்கும் ஒவ்வாது, மனத்துக்கும் நிம்மதி தராது. மகளின் கல்லூரிக் கட்டணத்தை ஒத்திவைத்து வாங்கும் பொழுதுபோக்கு, பொழுதுபோக்காக இராது.

படமும் பண்பும்

திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள சேலம் கோட்டை ஜாமிஆ பள்ளியில் திப்பு சுல்தான் தொழுததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அங்கே படமெடுக்க விரும்பினால் நிர்வாகிகளிடம் முதலில் கேளுங்கள். தொழுகை நேரத்தைத் தவிருங்கள். படமெடுப்பது பற்றி நம் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விரும்பாத பெரியவரை வற்புறுத்தாதீர்கள். பெண்களின் முகத்தை அவர்கள் அனுமதியின்றி எடுக்கவே கூடாது. தறிக்காரரிடமும் கொலுசுப் பட்டறைக்காரரிடமும் ‘எடுக்கட்டுமா அண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தேநீரும் கிடைக்கும். படத்தை அச்சிட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள். தம் தொழிலிடத்தில் தம்மை யாரும் படமெடுத்ததே இல்லை என்று சொல்வோர் இச்சமவெளியில் ஏராளம்.

டிரைப் எடுத்தவை பெரும்பாலும் கோட்டைகளும் கோயில்களும்தான். அவற்றின் நிழலில் உழைத்தவர்களின் முகங்கள் அத்தொகுப்புகளில் மிகக் குறைவு. நெய்பவர், கொலுசு கோப்பவர், லாரியின் நெற்றியில் பெயர் எழுதுபவர் என நம் காலத்து உழைப்பாளிகளைப் பதிவு செய்ய அரசாங்கம் ஆள் அனுப்பும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வும் ஆர்வமும் உள்ள ஒருவர், அரைக் கிலோ காமிராவும் இரண்டு லென்சுமாகப் பேருந்தில் ஏறினால் போதும்.

மழை ஓய்ந்த தை மாதம் இதற்கு நல்ல காலம். பஜ்ருத் தொழுகை முடித்துப் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் சங்ககிரியில் ஏறி இறங்கிவிடலாம். தண்ணீரை மறவாதீர்கள், மேலே கடை கிடையாது என்று எண்ணியே செல்லுங்கள். காமிரா இன்னும் வாங்கவில்லையென்றால் கைப்பேசியோடு சென்று வாருங்கள். எந்த இடத்தில் அது போதவில்லை என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு கடைக்குச் செல்லுங்கள்.