கணவாய்க்குக் கிழக்கே

குமரிப் பக்கம் தொடங்கித் தபதி ஆற்றங்கரை வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய உடைப்பு ஒன்றே ஒன்றுதான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டும் 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள். நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. ரயிலில் வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகிறவர்களுக்குத் தொடர்ச்சி மலையைக் கடந்தது தெரியவே தெரியாது. கொண்டை ஊசி வளைவும் கிடையாது, குகையும் கிடையாது.

இந்தப் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே கிடப்பது கொங்கு நாடு. கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் சுமார் 82 லட்சம் பேர். காவிரி பாயும் தஞ்சாவூர் மாவட்டத்தைவிட, கணிசமான பகுதி காடும் மலையுமாக இருக்கும் கோவை மாவட்டத்தில் மக்கள் நெருக்கம் அதிகம். ஆறு சோறு போடும் இடத்தில்தான் சனம் சேரும் என்பார்கள். இங்கே பெரும்பகுதிக்கு அப்படிச் சோறு போடும் ஆறு இல்லை. பிறகு எப்படி இத்தனை பேர் என்று கேட்டால், “எங்க ஆளுக உழைப்பாளிக” என்று உள்ளூரில் பதில் வரும். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. மீதி அந்த உடைப்பில் இருக்கிறது.

முதலில் காற்று. மே கடைசியில் தொடங்கி ஆவணி வரை அரபிக்கடல் காற்று இந்த இடுக்கில் புகுந்து வேகம் பிடித்துக் கிழக்கே வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களில் பழமொழி. பல்லடம், உடுமலை, குடிமங்கலம் பக்கம் அது வானிலை அறிக்கை. அங்கே சாலையின் இருபுறமும் காற்றாலைகள். அவற்றில் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் நூல் மில்காரர்களே.

காற்று வருகிறதே தவிர, அதனோடு மழை வருவதில்லை. ஈரத்தை மலையின் மேற்குச் சரிவும் உச்சியும் வாங்கிக்கொள்கின்றன. வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடம். அங்கிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் தாராபுரம், மூலனூர் வட்டாரம் மாநிலத்தின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. கணவாயை ஒட்டிய பொள்ளாச்சிக்குச் சாரல் கிடைப்பதால் தென்னை செழிக்கிறது. கிழக்கே போகப் போக மண் வெளுக்கிறது. வெயில் தணிந்த ஊர் என்று கோவைக்குப் பெயர் வாங்கித் தந்த கணவாய்க் காற்று, வயலுக்கு ஒன்றும் தரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் ஆண்டு ஓடுகிறது.

அதனால் இந்தச் சீமையில் நிலத்துக்குத் தண்ணீரை வைத்துத்தான் பெயர். வாய்க்கால் பாய்ந்தால் வயல். கிணறு பாய்ந்தால் தோட்டம். வானம் பார்த்துக் கிடந்தால் காடு. அதில் மரம் இருக்க வேண்டியதில்லை. காங்கேயம் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு, கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். பயிர் எடுக்க முடியாத மண்ணிலிருந்து பால், சாணம், உழவு மாடு என்று மூன்றையும் எடுத்த ஏற்பாடு அது. காங்கேயம் காளையின் பெருமையைப் பேசுகிறவர்கள் அதன் மேய்ச்சல் நிலம் மனைப்பிரிவுகளாவதைப் பற்றியும் பேசினால் நல்லது.

ஆனாலும் கொங்கின் மையம் கிணறுதான். இங்கே கிணறு வெட்டுவது மண்வேலை அல்ல, பாறைவேலை. வெடி வைத்து இறங்க வேண்டும், கடன் வாங்க வேண்டும், தண்ணீர் வராமலும் போகலாம். ஆகவே நெல்லைப் போட்டு உட்கார முடியாது. போட்ட முதலை எடுக்கும் பயிர் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்துக்கு நன்றாக ஒத்துப்போனது. குடியிருப்பும் கிணற்றைச் சுற்றித்தான். ஊர் நடுவில் நெருக்கியடித்து வாழாமல் அவரவர் தோட்டத்தில் சாளை போட்டுக்கொண்டார்கள். பின்னாளில் தறியும் பனியன் கம்பெனியும் பட்டிதொட்டியெல்லாம் பரவியதற்கு இந்தச் சிதறிய குடியிருப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இலேயே வந்துவிட்டது. ஆனால் மில்கள் பெருகியது 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு. மழையைத் தடுத்துக்கொண்ட மலை, மின்சாரத்தை அனுப்பிவைத்தது! அந்த மின்சாரம் மில்லுக்கும் போனது, கிணற்றடிக்கும் போனது. 1937இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் தொழிற்கூடத்திலிருந்து இந்தியாவிலேயே தயாரான மின்மோட்டார் வெளிவந்தது, அதில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் பங்கும் பெரிது. பம்பு வந்ததும் நீர்மட்டம் இறங்கியது. இறங்கியதும் இன்னும் பெரிய பம்பு தேவைப்பட்டது. கோவை நாட்டுக்கே பம்பு செய்யும் ஊரானதும், திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போர் போடப் போவதும் இந்தத் தாகத்தின் மிச்சம்தான். ஆயிரம் அடி போர் இன்று இங்கே யாரையும் திகைக்க வைப்பதில்லை.

“உழைப்பாளிக” என்ற பேச்சில் விட்டுப்போகும் ஒரு கணக்கு இது. மாடு பூட்டித் தோல்பையால் கவலை இறைத்த காலத்தில் அந்தப் பையைத் தைத்ததும், விடிவதற்கு முன் மாட்டின் பின்னால் நடந்ததும் பெரும்பாலும் அருந்ததியர்கள். அவர்களுக்குக் கிணறு சொந்தமில்லை. இன்று திருப்பூரின் தையல் கூடங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள். கணவாய் ஊர்களுக்கு வெளியாட்கள் புதிதல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் சங்க காலத்திலேயே இரும்பு உருக்கினார்கள், மணிக்கற்களைப் பட்டை தீட்டினார்கள். மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்குப் போகும் பெருவழி இந்த வழியில்தான். வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்ததற்கும் அதுவே விளக்கம்.

சொந்த மண்ணில் தண்ணீர் இல்லாதவர்கள் அடுத்த பக்கத்துத் தண்ணீரைத் தேடிப் போவார்கள். பவானியிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஈரோட்டு மஞ்சளின் பெருமையில் அதற்குப் பங்குண்டு. பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் போகும் கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. மேற்கே ஓடும் ஆறுகளைச் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் நிலங்கள் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. கோவைக்காரர்கள் ருசி சொல்லிப் பெருமைப்படும் சிறுவாணி நீரின் அணைகூடக் கேரளத்தில்தான். இந்த வட்டாரத்தில் எந்தத் தேர்தல் பேச்சும் கடைசியில் ஏதாவதொரு அணையில் போய் நிற்பதில் வியப்பில்லை.

வெளியே தேடிய வேகத்தில் உள்ளூர் ஆற்றை விட்டுவிட்டார்கள். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், வழியில் சங்கிலியாகக் குளங்களை நிரப்பிக்கொண்டு காவிரிக்குப் போன ஆறு. பாசனத்துக்கென்று அதில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. கீழே தென்னைகள் கருகின, கிணறுகள் கெட்டன. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற விதிக்குத் தொழில் இறங்கிவந்தது.

பல பத்தாண்டுகள் கேட்டு, அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் பவானி நீரில் 1.5 டி.எம்.சி.யை மோட்டார் வைத்து மேடேற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது ஏற்பாடு. வேண்டிய திட்டம்தான். ஆனால் ஆற்றில் உபரி இருக்கும் நாளில் மட்டுமே அந்த மோட்டார் ஓடும். மற்ற நாளில் குளத்துக்கு வரவேண்டியது ஊர்மழை. அது வரும் ஓடைகளில் பல இன்று மனையாகவும் சாலையாகவும் கிடக்கின்றன. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில், குழாய் எப்போது வரும் என்று கேட்பதற்கு முன், உங்கள் குளத்து ஓடையின் சர்வே எண்ணைக் கேட்டு, அளந்து கல் நடச் சொல்லுங்கள்.