எப்போதிலிருந்து இப்படி?

மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்களில் 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தலை கிறுகிறுக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, காலில் பலமில்லை என்பார்கள். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் இசிஜி, வயிற்று ஸ்கேன், தைராய்டு ரிப்போர்ட் எல்லாம் கலந்து கிடக்கும். "எல்லாம் நார்மல்னுட்டாங்க, கடைசியா இங்க அனுப்பிட்டாங்க" என்பதில் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கும். தன் வலியைப் பொய் என்று முடிவுகட்டித்தான் இங்கே தள்ளிவிட்டார்கள் என்று அவர் நினைக்கிறார். அந்த நினைப்பை இறக்கிவைக்காமல் என்ன கேட்டாலும் பதில் வராது. அதனால் முதலில் பையை வாங்கி ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்குவேன். அது வெறும் மரியாதைக்காக இல்லை. முதல் பரிசோதனை எந்த மாதம் எடுத்தார்கள் என்று பார்த்தாலே தொல்லை எப்போது தொடங்கியது என்பதற்கு ஒரு துப்பு கிடைத்துவிடும்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்வது இந்தத் தொழிலில் சுலபமான பகுதி. மனச்சோர்வு என்றால் என்ன என்று கேளுங்கள், பயிற்சி மருத்துவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: வாட்டம், எதிலும் நாட்டமின்மை, தூக்கக் குறைவு, பசியின்மை, குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம், இவற்றில் இத்தனை, இரண்டு வாரத்துக்குக் குறையாமல். எல்லாம் சரி. ஆனால் தூக்கம் கெடாத மனநோய் அரிது. சந்தேகமும் எரிச்சலும் பயமும் ஏறக்குறைய எல்லா நோயிலும் வரும். நோயே இல்லாதவர்களுக்கும் வரும். எனவே ஒரு நோயை இன்னொன்றிலிருந்து பிரிக்க நான் பெரிதும் நம்புவது காலக்கணக்கைத்தான். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் இவர் எப்படிப்பட்ட ஆள், நடுவில் எப்போதாவது முழுசாகத் தேறினாரா?

"எப்போதிலிருந்து?" என்று கேட்டால் "ரொம்ப நாளா" என்பார்கள். நோயைத் தேதி போட்டு யாரும் நினைவில் வைப்பதில்லை. எனவே பொங்கல், கோயில் கொடை, நடவு, மூத்த பெண்ணின் கல்யாணம், பிளஸ் டூ பரீட்சை என்று ஊர்க் காலண்டரைப் பிடித்துக்கொண்டுதான் பின்னோக்கிப் போகவேண்டும். மூன்று மாதமாகத்தான் பையன் இப்படி இருக்கிறான் என்று ஓர் அம்மா அடித்துச் சொல்வார். "சித்திரைத் திருவிழாவுக்குப் போனப்ப நல்லா இருந்தானாம்மா?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். "போனான். கூட்டத்துல எல்லாரும் தன்னையே பாக்குறாங்கன்னு பாதியிலயே திரும்பிட்டான்." மூன்று மாதம் அந்த இடத்தில் ஒரு வருடமாகிவிடும்.

ஓர் இளைஞரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிறு நகரம் ஒன்றில் கடை வைத்திருக்கிறார். நான்கு மாதமாகப் படுத்தே கிடக்கிறார். "எதுலயும் பிடிப்பில்ல சார்" என்பதற்கு மேல் பேச்சில்லை. மனச்சோர்வின் பட்டியலில் ஒன்றுகூட விடுபடவில்லை. அந்த இடத்தில் பேனாவை எடுத்திருந்தால் அதற்கான மாத்திரையை எழுதியிருப்பேன். ஆனால் இந்த நிலையில் வருகிற எவரையும் ஒரு கேள்வி கேட்காமல் அனுப்பக்கூடாது. "இதுக்கு நேர்மாறா, தூக்கமே இல்லாம, ஆனா அசதியும் தெரியாம, ரொம்பச் சுறுசுறுப்பா இருந்த நாள் உண்டா தம்பி?" "இல்ல சார்." அவர் பொய் சொல்லவில்லை. அந்த நாட்களை யாரும் நோயாக நினைப்பதில்லை. வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த நாட்கள் என்றுதான் நினைவில் வைத்திருப்பார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காதான் வாயைத் திறந்தார். "போன ஆவணியில பத்து நாளைக்கு மேல சார். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுக் கடையக் கழுவுவான். வட்டிக்கு வாங்கி வண்டி வண்டியா சரக்கு எறக்குனான். மாமாவையே கைநீட்டிட்டான். அவன் அப்படிப்பட்ட ஆளே கெடையாது சார்."

'அப்படிப்பட்ட ஆளே கிடையாது' என்ற பேச்சு எப்போது வரும் என்றுதான் காத்திருப்பேன். இயல்பிலேயே படபடவென்று பேசுகிற, கைதாராளமான ஆளாக இருந்தால் அதே பத்து நாளுக்கு வேறு பொருள். இவருடையது இருதுருவ மனநிலைக் கோளாறு. இதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு எதிர்த்திசையில் எகிறிவிடும். மறுபடி ராத்திரி இரண்டு மணி, மறுபடி கடன். சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்துவிட்டு லித்தியம் தொடங்கினோம்.

கூட வருகிறவர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. மருமகளைப் பற்றி மாமியார் ஒரு கதை சொல்வார், பெற்ற அம்மா இன்னொன்று சொல்வார். விவாகரத்து வழக்குக்கு வசதியாக ஒரு சீட்டு வாங்கிப் போகலாம் என்று மனைவியை அழைத்துவருகிற கணவர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மூன்றாவது பிரிவை எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒருவர் ஊர் வழக்கத்துக்கோ சமூகத்தின் ஒழுக்க நெறிக்கோ ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் என்று முடிவுசெய்யக்கூடாது. முன்பு சிகிச்சை எடுத்தவர் என்பது மட்டுமே இப்போதும் நோய் இருப்பதற்கு ஆதாரம் ஆகாது. சாதி மாறிக் காதலித்த பெண்ணை 'புத்தி பேதலிச்சிருச்சு' என்று கூட்டிவரும் குடும்பத்திடம் இந்தப் பிரிவைத்தான் சொல்லிக்காட்டுவேன்.

பேட்டியில் பழமொழி கேட்பது ஒரு பழைய முறை. பொருளை விட்டு மேலே ஏறி யோசிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு. "யானைக்கும் அடி சறுக்கும்னா என்ன?" என்றால் "சேறா இருந்தா சறுக்கத்தானே செய்யும்" என்று பதில் வரலாம். இதை வைத்து மட்டும் யாரையும் எடைபோட மாட்டேன். பள்ளிக்கூடமே போகாத பாட்டி ஒருவர் அதற்குத் தன் சம்பந்தியை உதாரணமாகச் சொல்லி விளக்கியதில் அறையே சிரித்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும் அப்படித்தான். படிக்காதவரிடம் நூறு ரூபாய்க்குப் பதினேழு ரூபாய் வெங்காயம் போக மீதி கேட்டால் கவனம் நிற்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கவனம் நிற்காமல், நேரம் காலம் தெரியாமல், சாயங்காலமானால் சுவரில் ஆட்கள் தெரிகிறார்கள் என்று ஒரு முதியவர் வந்தால் எனக்கு மனநோயின் பெயர் எதுவும் நினைவுக்கு வராது. எத்தனை நாளாக என்று கேட்பேன். மூன்று நாளாக என்றால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்றுதான் தேடவேண்டும்; அவருக்குப் பொது மருத்துவ வார்டில் படுக்கை வேண்டும். நடுவயது ஆணாக இருந்தால் கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்போம். குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வரும் பிதற்றல் உயிரையே எடுக்கக்கூடியது. குரல் மட்டும் கேட்பதைவிட உருவம் தெரிவது உடல் காரணங்களைத் தேடச் சொல்லும் அறிகுறி.

சாமி வருவதைப் பற்றி என் மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி 11 இதில் தெளிவாக இருக்கிறது: சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவது நோய்க் கணக்கில் சேராது. ஊர் அதற்கு முன்பே இதைப் பிரித்துவைத்திருக்கிறது. கொடையில் மேளம் கேட்டு ஆடி, திருநீறு வாங்கியதும் அடங்கி, மறுநாள் வயலுக்குப் போகிறவரை யாரும் என்னிடம் கூட்டிவருவதில்லை. நடுச்சாமத்தில் தனியாக அடுப்படியில் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு "இது சாமி இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவைத்த கோயில் பூசாரிகள் உண்டு. சில பரிந்துரைக் கடிதங்களைவிட அந்த வாய்வார்த்தை துல்லியமாக இருந்திருக்கிறது.

மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்ற புகார் பழையது, அதில் உண்மையும் இருக்கிறது. 1960களில் நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்கள் லண்டனைவிட மிக அதிகம். ஒரே மாதிரிப் பேட்டி முறையை வைத்து இரண்டு ஊர் நோயாளிகளையும் ஆராய்ச்சிக் குழு பார்த்தபோது அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல்போனது. வேறுபட்டது மருத்துவர்களின் பழக்கம். இதுபோன்ற அதிர்ச்சிகளுக்குப் பிறகு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பு பட்டியல் முறையைக் கொண்டுவந்தது. அப்படியும் 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்புக்கான களச் சோதனைகளில், இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியைத் தனித்தனியாகப் பார்த்தபோது, மனச்சோர்வு விஷயத்தில் அவர்களின் உடன்பாடு 0.28தான். தற்செயலுக்கு மேல் உடன்பாடே இல்லை என்றால் பூஜ்யம், முழு உடன்பாடு என்றால் ஒன்று. பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடுக் கோளாறுக்கோ அது 0.67. இன்ன நாளில் இன்னது நடந்தது என்று தொடக்கம் தெரிகிற நோயில் மருத்துவர்கள் ஒத்துப்போவது எனக்கு வியப்பாக இல்லை. இது என் ஊகம்தான். ஆனால் நாள்தோறும் பார்ப்பதோடு பொருந்துகிறது.

அதனால்தான் முதன்முறையாகக் குரல் கேட்டுப் பயந்து வருகிற இருபது வயதுக்காரரின் சீட்டில் மனச்சிதைவு என்று அன்றைக்கே எழுதமாட்டேன். திடீரென்று தொடங்கிச் சில வாரங்களில் முழுசாகத் தீர்ந்துபோகிற மனநோய்களும் நம் நாட்டில் நிறையவே வருகின்றன. சிகிச்சையைத் தொடங்கப் பெயர் முழுசாகத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. வீட்டாருக்குத்தான் அது போதாது. பெயரைக் கேட்பார்கள். அடுத்த மூச்சில், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா என்பார்கள்.

"கல்யாணம் இதுக்கு மருந்தில்லம்மா. பேரை இப்பச் சொன்னா அது தப்பாப் போகலாம். ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்றேன்."

"அப்ப ஆடி முடிஞ்சு கூட்டிட்டு வரட்டுங்களா சார்?"

"அவ்வளவு நாள் வேண்டாம், அடுத்த வாரமே வாங்க. எத்தனை மணி நேரம் தூங்குறான், தனியாப் பேசுறானான்னு தெனமும் காலண்டர் தாளைக் கிழிச்சு அது பின்னாடி எழுதி வச்சுக்குங்க. வரும்போது அதையும் எடுத்துட்டு வாங்க."