பனை ஏறக் கருவி இருக்கு... பாளை சீவ ஆள் இருக்கா? – உடன்குடி தேரியில் ஒரு சுற்று

‘வரப்பில் பத்துப் பனை நிற்கிறது. ஏற ஆள் இல்லை. பனை ஏறும் கருவி வாங்கினால் பதனீர் இறக்கலாமா?’ பனை வைத்திருக்கும் விவசாயிகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. ‘இறக்கலாம்’ என்றோ ‘முடியாது’ என்றோ ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. பதிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், பங்குனி, சித்திரையில் உடன்குடிப் பக்கம் ஒரு நடை போய் வர வேண்டும்.

திருச்செந்தூரிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே போகும் சாலையில் ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம் என்று ஊர்கள் வருகின்றன. கல்லாமொழியில் உடன்குடி அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வானத்தைத் தொடுகிறது. தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் சில கிலோமீட்டரில் உடன்குடி. ஊரைத் தாண்டியதும் மண் சிவக்கத் தொடங்குகிறது. அதுதான் தேரி. இரும்புச் சத்தால் சிவந்த மணல். பெய்த மழை நிற்காமல் கீழே இறங்கிவிடும். வாய்க்கால் இல்லை, ஏரிப் பாசனம் இல்லை. அந்த மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வரிசை வரிசையாகப் பனை நிற்கிறது.

ராக்கெட் கிளம்பப் போகும் இடத்துக்கு இவ்வளவு அருகில், மனிதர்கள் இன்னும் காலில் ஒரு நார் வளையத்தை மாட்டிக்கொண்டுதான் மரம் ஏறுகிறார்கள். புதுமை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. இங்கே அது நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

ரயில் வந்தது, போனது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பனையிலிருந்து வெள்ளைச் சர்க்கரை எடுக்கும் ஆலையைக் குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி நடத்தியது. சரக்கைக் கொண்டுவர ஒரு குறுகிய ரயில் பாதையும் போட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை அந்தச் சின்ன ரயில் ஓடியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொழில்நுட்பம். 1940 வாக்கில் ரயில் நின்றுவிட்டது. ஆலையும் இன்று இல்லை.

பனையேறிகள் மட்டும் நின்றுவிடவில்லை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதனீர் கேட்பவர் இல்லை என்றானதும் பழையபடி கருப்பட்டி காய்ச்சினார்கள். இயந்திரம் போன பிறகும் தொழில் நின்று நிலைத்தது. இன்றைய நிலை அதற்கு நேர்மாறு. மரம் இருக்கிறது. வாங்க ஆள் இருக்கிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஏறும் ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறார். விளைகளில் பார்க்கும் பனையேறிகளில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் சென்னையிலும் பிற ஊர்களிலும் மளிகைக் கடைகளில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் வேலை

பனையேறியின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். இடுப்பில் அருவாப்பெட்டி. அதற்குள் பாளை அரிவாள், கடிப்பு, சுண்ணாம்பு. காலில் திளாப்பு. மரத்தை மார்போடு அணைத்து, கால் இரண்டையும் சேர்த்து உந்தி உந்தி ஏறுகிறார். பழகியவர் ஓரிரு நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடுவார்.

உண்மையான வேலை அதன் பிறகுதான். கருக்கு மட்டைகளுக்கு நடுவே நுழைந்து, வட்டில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஆண் பனையின் பாளையைக் கடிப்பால் இடுக்கி இளக்க வேண்டும். கலயத்தில் சேர்ந்த பதனீரைக் குடுவையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் பல நாளைக்கு ஓட வேண்டிய பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். பிறகு கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி, பாளையில் மறுபடி மாட்டிவிட்டு இறங்க வேண்டும். அந்தச் சுண்ணாம்புதான் பதனீரைப் புளிக்க விடாமல் காக்கிறது. அது குறைந்தால் பதனீர் கள்ளாகிவிடும். கூடினால் கருப்பட்டி காறும்.

இதைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை செய்ய வேண்டும். ஒருவருக்கு 30 மரம், மரம் ஒன்று 40 அடி என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 2,400 அடி ஏற்றம், 2,400 அடி இறக்கம். பருவம் முடியும் வரை விடுமுறை கிடையாது. காய்ச்சலாகப் படுத்துவிட்டால் அன்றைய பதனீரோடு பாளையும் கெடும்.

கருவி ஏறிய கதை

உடன்குடிக்கு மேற்கே ஒரு விளை. அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. சென்னையில் கடை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய மகன், ஏறும் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தார். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். ஒன்றில் உடல் எடையைக் கொடுத்து மற்றொன்றை நகர்த்தி நகர்த்தி மேலே போக வேண்டும். அப்பா விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் வாங்கியது அது.

“யப்பா, ஒரு தடவை இதுல ஏறிப் பாருங்க. கை, கால் நோவாது.”

அவரும் மறுக்காமல் ஏறினார். கருவியை மரத்தில் மாட்டி இறுக்குவதற்குள், பக்கத்து மரத்தில் திளாப்போடு ஏறியவர் இறங்கியே விட்டார். அடிமரம் பருத்தும் மேலே போகப் போக மெலிந்தும் இருப்பதால், நடுவில் நின்று பிடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உச்சியை நெருங்கியதும் மட்டை தடுத்தது. கருவி அதற்குக் கீழேயே நின்றுவிட்டது.

“ஏல, இது என்னைய மேல கொண்டு விட்டுருது. வட்டுக்குள்ள போய் உக்கார விட மாட்டேங்கு. பாளை எட்டல.”

கீழே நின்ற அம்மாவுக்கு வேறு கவலை. “ரெண்டு மரத்துக்கே இம்புட்டு நேரம்னா, தாச்சியில நான் எப்ப ஊத்த?”

இந்த மூன்று பேச்சில் கேள்விக்கான பதில் ஏறக்குறைய வந்துவிடுகிறது. தென்னையில் ஏறுபவர், கருவியில் நின்றபடியே குலையை வெட்டிவிட்டு இறங்கிவிடலாம். ஒரு முறை பறித்தால் அடுத்த பறிப்புக்குப் பல வாரம் இருக்கிறது. அதனால் தென்னைக்குக் கருவி பொருந்திப்போனது. பனையில் பதனீர் என்பது பறிப்பு அல்ல, தினமும் செய்யும் பராமரிப்பு. கருவி செய்தவர்கள் ஏற்றத்தை மட்டும் வேலையாகப் பார்த்தார்கள். பனையேறிக்கோ ஏற்றம் என்பது வேலைக்குப் போகும் பாதைதான்.

அதற்காகக் கருவி வீண் என்று தள்ளிவிடவும் வேண்டாம். நுங்கு வெட்டவும், ஓலை கழிக்கவும், காய்ந்த மட்டையை அகற்றவும் அது உதவுகிறது. எப்போதாவது ஒரு முறை, ஒன்றிரண்டு மரம் ஏறும் வேலைகள் அவை. அந்த விளையிலும் நுங்குக் காலத்தில் மகன் அதில்தான் ஏறுகிறார்.

விடிலியில் நுழைய வேண்டிய புதுமை

விளையின் ஓரத்தில் பனையோலை வேய்ந்த விடிலி. அங்கே வேலை முழுக்கப் பெண்கள் கையில். பதனீரை வடிகட்டித் தாச்சியில் ஊற்றி, ஓலையையும் மட்டையையும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறார்கள். கொதித்துக் கூப்பனியாகி, பாகு பதம் வந்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். 10 லிட்டர் பதனீர் காய்ச்சினால், ஒரு கிலோவும் அதற்குச் சற்று மேலும்தான் கருப்பட்டி கிடைக்கும்.

அத்தனை நேரமும் புகையை மூச்சில் வாங்குவது அந்தப் பெண்தான். மரம் ஏறும் கருவியைப் பற்றிப் பேசும் அளவுக்கு விடிலி அடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புகைபோக்கி வைத்த அடுப்பு, துருப்பிடிக்காத எஃகுத் தாச்சி, பாகு பதத்தை உறுதிசெய்ய ஒரு வெப்பமானி, ஈரம் புகாத உறை ஆகிய எதுவும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. விறகும் நேரமும் மிச்சமாகும். கருப்பட்டி மழைக்காலத்தில் இளகாமல் நிற்கும். கைத்திறனை இவை பறிப்பதும் இல்லை.

தொழிலை உண்மையில் அரிப்பது வேறொன்று. வெள்ளைச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளியில் கலப்படம் புகுந்துவிட்டது. சர்க்கரைப் பாகு கலந்து வார்த்த கட்டியும் அதே சிரட்டை வடிவில், அதே பெயரில் சந்தைக்கு வருகிறது. பார்வைக்கு வேறுபாடு தெரியாததால் 2,400 அடி ஏறியவருக்கும் ஏறாதவருக்கும் ஒரே விலை. மகன் சென்னைக்குப் போனதற்கு மரத்தின் உயரத்தைவிட இதுவே பெரிய காரணம். ஏறும் கருவிக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு, கலப்படத்தை ஊரிலேயே சோதித்துச் சொல்லும் வசதிக்குப் போனால், பனையேறியின் உழைப்புக்கு உரிய விலை நிற்கும். குழுவாகச் சேர்ந்து புவிசார் குறியீட்டின் பெயரில் நேரடியாக விற்பவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

பனை வைத்திருப்பவர்கள் கவனிக்க

தமிழக அரசு 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்ற அறிவிப்பும் அதில் வந்தது. வரப்பில் பனை வைத்திருப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில:

• நுங்கு, ஓலைக்கு மட்டும் என்றால் கருவி வாங்கலாம். வாங்கும் முன் உங்கள் மரத்திலேயே மாட்டிப் பாருங்கள். கருவி, மானியம் பற்றிய நடப்பு விவரத்தை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம்.

• பதனீர் என்றால் பயிற்சி பெற்ற பனையேறி வேண்டும். மரத்தைப் பருவக் குத்தகைக்கோ பங்குக்கோ விடுவது நல்லது. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதில் அலட்சியம் கூடாது. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உள்ளது.

• எந்த முறையில் ஏறினாலும் இடுப்புப் பட்டையும் பாதுகாப்புக் கயிறும் அவசியம். முப்பது மரத்துக்கும் மாட்டிக் கழற்றுவது சிரமம்தான். வட்டில் உட்கார்ந்து சீவும்போதாவது கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

• மரம் ஏறுபவர்களும் கருப்பட்டி காய்ச்சும் பெண்களும் பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அந்தப் பதிவே அடிப்படை. தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தை அணுகவும்.

மாலை ஏற்றம்

வெயில் தாழ்ந்ததும் விளையில் மறுபடி அரிவாள் தீட்டும் சத்தம். ஏரிக்கரை, குளக்கரை எங்கும் இப்போது பனை விதை நடுகிறார்கள். நல்ல காரியம். இன்று நடும் விதை பாளை விடப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். பாளை இடுக்கவும் சீவவும் கற்க, கூடவே ஏறிப் பல பருவம் பழக வேண்டும். இன்று ஐம்பதில் இருப்பவர் அன்று அறுபத்தைந்தில் இருப்பார். விதையோடு சேர்த்துக் கையையும் பழக்கவில்லை என்றால், வளர்ந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கருவி விடிலிச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதோடு வந்த இடுப்புப் பட்டையை மட்டும் மகன் கழற்றி எடுத்து வைத்திருக்கிறார். அப்பா முதல் மரத்தில் திளாப்போடு ஏறி, வட்டில் உட்கார்ந்ததும் பட்டையின் கயிற்றை மட்டையடியில் சுற்றி மாட்டிக்கொள்கிறார். பக்கத்தில் உள்ள குட்டை மரத்தில், அதேபோல் ஒரு பட்டையோடு மகன் ஏறுகிறார். இன்னும் பாளையைத் தொட விடவில்லை. கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது மட்டும் அவர் வேலை.

“மெல்ல தடவுல, அடியில தங்காம பாத்துக்க” என்று மேலிருந்து குரல் வருகிறது.