நயம்

தமிழில் ‘நயம்’ என்னும் சொல் வியப்பிற்குரியது. நயம் எண்ணெய், நயம் பருப்பு என்று வணிகர் கூறுங்கால் அஃது உயர்ந்த தரத்தைக் குறிக்கும். ‘நயமாய்க் கிடைத்தது’ என்று வீட்டிலுள்ளோர் கூறுங்கால் அதுவே விலைமலிவைக் குறிக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைப் புரட்டுவோர் இவ்விரு பொருளையும் ஒரு சொல்லின்கீழேயே காண்பர். தரமும் மலிவும் ஒருங்கே வந்து வாய்ப்பின் சொல்லுக்கும் இடர் இல்லை, வாங்குவோர்க்கும் இடர் இல்லை. வாராதவிடத்து எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னும் வினா இலக்கண ஆசிரியர்க்கு எழுவதன்று. எண்ணிய பணத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைவாயிலில் நிற்பார்க்கே எழுவது.

எம் வீட்டில் இவ்வாண்டு அவ்வினா எழுந்தது. என் தமக்கைக்கு வருகிற தைத் திங்களில் திருமணம். துணிக்கென்று எம் பெற்றோர் ஒதுக்கிய தொகை 25,000 ரூபாய். எம் ஊர் ஆர்.கே.பேட்டை. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு என இப்பக்கத்து ஊர்களிலெல்லாம் தறியோசை கேளாத தெரு சிலவே. பாட்டனார் குழித்தறியில் நெய்தவர். தந்தையார் விசைத்தறிக் கொட்டகையில் கூலிக்கு நெய்கின்றவர். நெய்வார் வீட்டிலும் துணியை விலைகொடுத்தே வாங்கவேண்டும் என்பதை நகரத்து நண்பர் சிலர் நம்புவதில்லை.

பாட்டனாருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. துணியை விரலாலேயே படிப்பார். கடைத்துணி தொட்டவுடன் மொரமொரவென்று கனத்தால் மகிழாதே, அது கஞ்சியின் கனம், நூலின் கனம் அன்று என்பது அவர் முதற்பாடம். அத்தகைய துணியின் மூலையை இரு விரலிடையே வைத்துக் கசக்கினால் வெண்பொடி உதிரும். வெளிச்சத்திற்கு எதிரே விரித்துப் பிடித்தால் இழைக்கும் இழைக்கும் நடுவே சந்து தெரியும். ஓர் அங்குலத்திற்கு இத்தனை ஊடையிழை என்ற கணக்கிற் சில இழையைக் குறைத்து நெய்தால் நேரமும் மிச்சம், நூலும் மிச்சம். குறையைக் கஞ்சி மூடிக்கொள்ளும். இரண்டொரு சலவையில் கஞ்சி நீங்கத் துணி சல்லடையாகும். பொருநராற்றுப்படை பாடிய புலவர், இழை சென்ற நெறியைக் கண்ணாற் பற்ற இயலாத ஆடையொன்றைப் பாம்புரிக்கு ஒப்பிட்டார். அவர் வியந்தது நூலின் நுண்மை; பாட்டனார் தேடுவது நூலின் நெருக்கம். சங்கப் புலவருள் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று துணி விற்றவர் ஒருவரும் இருந்தார். அவர் கடையில் நின்றிருந்தால் இரண்டையும் ஒருங்கே கற்றிருக்கலாம்.

சாயத்திற்கு ஈரக் கைக்குட்டை போதும். வெள்ளைத் துணியை நனைத்து அழுந்தத் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். வாட் சாயம் நிலைக்கும். அதற்கேற்ப விலையும் ஏறும். ஆயினும் சாயம் போவதே சிறப்பாக விலைபோன காலமும் ஒன்றுண்டு. ‘மெட்ராஸ்’ என்று பெயர்பெற்ற எம் நாட்டுக் கட்டத்துணியை 1960களில் அமெரிக்க வணிகர், சாயம் கரைவது உறுதி என்றே விளம்பரம் செய்து விற்றனர். கலங்கிய நிறத்தையும் அங்குள்ளோர் அழகென்று ஏற்றனர். எம் தெருவில் அத்துணிக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நூலின் ‘நம்பர்’ பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 840 கஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு நிறை ஆகுமோ, அவ்வெண்ணே நூலின் நம்பர். எனவே 100ஆம் நம்பர் நூல் 60ஆம் நம்பரினும் மெல்லியது, நூற்றற்கும் நெய்தற்கும் அரியது, விலை மிக்கது. கோடையில் உடம்பிற்கு அதுவே இதம். ஆயின் கல்லில் அறைந்து துவைக்கும் வீட்டில் நெடுநாள் உழைப்பது 60ஆம் நம்பரே. ஆதலின் விலை உயர்ந்ததெல்லாம் எல்லாவகையானும் உயர்ந்தது என்று கொள்ளுதல் கூடாது. எந்த உயர்வுக்கு விலை கேட்கிறார்கள், அவ்வுயர்வு நமக்கு வேண்டுமா என்று ஆராய்தல் வேண்டும்.

தமக்கையும் யானும் ஒரு மாலை தாளும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்தோம். 300 ரூபாய்ச் சேலை நூறு முறை உடுத்தியபின் நைந்துபோவதாக வைத்துக்கொள்வோம். ஒருமுறைக்கு 3 ரூபாய். 900 ரூபாய்ச் சேலை நானூறு முறை தாங்கின் ஒருமுறைக்கு இரண்டேகால் ரூபாய். விலை மூன்று மடங்காயினும் பின்னதே மலிவு. இக்கணக்கு எம் தெருவில் எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் பலர் 300 ரூபாய்ச் சேலையையே எடுப்பதற்குக் காரணம் அறியாமை அன்று. ஒரே நாளில் 900 ரூபாய் கையில் இல்லாமையே. நாலு தடவையில் 1,200 ரூபாய் கொடுத்து முடிப்பவர் வறியவர். நயத்தின் பயன் முதலுடையார்க்கே முதலிற் சென்று சேர்கின்றது. இஃது என் மனத்தை உறுத்தும் செய்தி. வளரும் பிள்ளைகளுக்கோ இக்கணக்கே வேண்டா. ஓராண்டிற் குறுகிவிடும் சட்டை நாலாண்டு உழைத்தென்ன?

அடுத்து ஆலயத்தில் உடுத்தும் வெண்பட்டு. அது மணநாளில் ஒருமுறை, பின் உறவினர் திருமணங்களில் நாலு முறை வெளிவரும். 20,000 ரூபாய்க்கு எடுப்பின் ஒருமுறைக்கு 4,000 ரூபாய்! நாடோறும் உடம்பிற் கிடக்கும் துணிக்குப் பேரம் பேசுகிறோம். பெட்டியிற் கிடக்கும் துணிக்கு அள்ளிக் கொடுக்கிறோம். பட்டிற்குப் பிறர் கண்ணே விலை வைக்கிறது என்று எழுதி, அவ்வரியின்கீழ்த் தமக்கை கோடிட்டாள்.

இங்கே கைத்தறியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கைத்தறிச் சேலைக்குக் கூடுதல் விலை தருவது நெய்பவர்க்குச் சேரும் என்று நம்பித் தருகிறோம். விசைத்தறித் துணியையே கைத்தறி என்று கூறி விற்பார் உளர். அதனாலேயே 2006இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. ‘நல்ல நூலும் நல்ல சாயமும் இட்டால் எங்கள் துணியும் உழைக்கும், அதன் பெயராலேயே அதை விற்றால் போதும்’ என்பார் தந்தையார். ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை ஆராய்ந்து எழுதினார். நல்லதையும் தீயதையும் வாங்குவோர் பிரித்தறிய இயலாவிடின் நல்லதற்குரிய விலையைக் கொடார். கொடாமையால் நல்லது சந்தையைவிட்டே நீங்கும் என்பது அவர் காட்டியது. 2001இல் நோபல் பரிசில் அவர்க்கு ஒரு பங்கு கிடைத்தது. பாட்டனாரின் குழித்தறி நின்ற வரலாறும் ஏறக்குறைய அதுவே. நெருங்க நெய்த அவர் சேலைக்கும் கஞ்சியில் நின்ற சேலைக்கும் ஒரே விலை பேசினர்.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த அம்மா எம் கணக்கில் ஒரு வரியைச் சேர்த்தார். “தம்பி, நீ கல்லூரியிற் சேர்ந்தபோது விடுதிக்குக் கட்டிய முதற்பணத்தில் ஒரு பங்கு என் கூறைப்புடவை கொடுத்தது. அதில் அசல் சரிகை இருந்தது; வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார்கள். போலிச் சரிகையாயிருந்தால் அன்றைக்கு யாரிடம் போயிருப்பேன்?” அச்சேலை விலைபோன செய்தி அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அசல் காஞ்சிச் சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளியிழையைச் சுற்றிப் பொன்முலாம் ஏற்றியது. பொன் நூற்றில் ஒரு பங்குகூட இராது, மிகுதியும் வெள்ளியே. அம்மா அதனை ஐந்தாறு முறைக்குமேல் உடுத்தியதில்லை. அவ்வைந்தாறு முறையால் அதன் விலையை வகுப்பதற்கு எனக்குக் கை எழவில்லை.

முடிவு தமக்கையுடையது. கரை அகலமாய் மின்னவேண்டா, இரு விரற்கடை போதும். அவ்விரு விரற்கடையும் அசலாயிருக்கவேண்டும் என்றாள். காஞ்சிபுரத்தில் 16,500 ரூபாய்க்கு அத்தகைய வெண்பட்டுக் கிடைத்தது. சரிகையிழை ஒன்றை நகத்தாற் சுரண்டச் செய்து, உள்ளே சிவந்த பட்டிழை தெரிகின்றதா என்று பார்த்தாள். ஓரத்துப் பட்டுநூல் ஒன்றைக் கொளுத்தவும் சொன்னாள். பாலியெஸ்டராயின் உருகி உருண்டையாகும். இது மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து பொடியாயிற்று. கடைக்காரர் முகம் சுளித்தாரெனினும் மறுக்கவில்லை. அம்மையார்குப்பத்தில் நெய்பவர் வீட்டிலேயே 900 ரூபாய் வீதம் எட்டுப் பருத்திச் சேலை எடுத்தோம். அனைத்தும் 60ஆம் நம்பர்.

மிஞ்சியது 1,300 ரூபாய். தந்தையார்க்கு வேட்டி எடுக்கவேண்டும். “ஒருநாள் உடுத்துவதற்கு உள்ளதிலே மலிவானது போதும்” என்றார் அவர். எம் கணக்கின்படி அவர் சொன்னது முற்றும் சரி. தமக்கை அவரிடம் விலை கூறாமல் ஒரு வேட்டியை எடுத்துவந்து மடிமேல் வைத்தாள். அவர் அதன் கரையை இரு விரலாற் பற்றி மெல்லத் தடவிப் பார்த்தார். “நூறாம் நம்பர்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.